எழுதப்படாத பாதி: வயலினும் ஓர்கனும் இணையும் பரோக் இசை

இத்தாலிய இசைஞர் ஆர்காஞ்செலோ கொறெல்லியின் ஐந்தாவது இசைத்தொகுதி 1700ஆம் ஆண்டில் உரோம் நகரிலே வெளிவந்தது. வயலினுக்கும் அதனைத் தாங்கிச் செல்லும் அடிக்குரலுக்குமாக இயற்றப்பெற்ற பன்னிரண்டு சொனாற்றாக்கள் அதில் அடங்கியுள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் மீண்டும் மீண்டும் அச்சிடப்பெற்ற நூல் அது. அத்துணைப் புகழ் வாய்ந்த நூலின் மெதுநடைப் பகுதி ஒன்றை முதன்முதலாக விரித்து நோக்கும் மாணவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். மேல்வரியில் வயலினுக்கு நெடிய சுரங்கள் சில. கீழ்வரியில் அடிக்குரலுக்கு அவற்றினும் எளிய சுரங்கள் சில. அவற்றை ஒட்டி 6, 7, 4, 3 என ஆங்காங்கே சிற்றிலக்கங்கள். எவ்விடத்தில் ஒலி பெருகவேண்டும், எவ்விடத்தில் அடங்கவேண்டும், வில்லை எப்பக்கம் இழுக்கவேண்டும் என்பன பெரும்பாலும் கூறப்படவில்லை. அடிக்குரலின்மேல் எழவேண்டிய சுரக்கூட்டுகளும் எழுதப்படவில்லை. ஏட்டில் இருப்பதை இருந்தவாறே வாசித்தால், தசையும் தோலும் இல்லாத எலும்புக்கூடொன்று எழுந்து நடப்பது போன்ற தோற்றமே உண்டாகும்.

எழுதியதை எழுதியவாறே வாசிப்பவரே மூலத்துக்கு நேர்மையானவர் என்று கருதுதல் இயல்பு. பிற்காலத்து இசைக்கல்லூரிகளில் பயின்றவர்கள் அவ்வாறே பழக்கப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இசையாக்குநர்கள் தாம் வேண்டுவனவற்றையெல்லாம் ஏட்டிலே வரையறுத்து எழுதத் தலைப்பட்டமையால் அவ்வெண்ணம் வேரூன்றியது. ஆயின், ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையான பரோக் காலத்தின் இசைக்கு அது பொருந்துவதன்று. அக்காலத்து ஏடு இசையின் ஒரு பாதியையே தாங்கியது. மற்றைய பாதி நிகழ்த்துவோரின் அறிவுக்கும் சுவையுணர்வுக்கும் விடப்பட்டது. எனவே, எழுதியதை மட்டும் வாசிப்பவர் அடக்கமுடையவர் போலத் தோன்றினும் உண்மையில் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணியைச் செய்யாது விட்டவராவர். எழுதப்படாததை அறியாது நிரப்புபவரோ மூலத்தின் பெயரால் தம்மையே முன்னிறுத்துகிறார். இவ்விரு தவறுகளுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய பாதையில் நடப்பதுதான் பரோக் இசையை நிகழ்த்துவோர் எதிர்நோக்கும் இடர்ப்பாடு. வயலினும் ஓர்கனும் சேர்ந்திசைக்கும்போது இவ்விடர்ப்பாடு மிகத் துலக்கமாகப் புலனாகின்றது.

இவ்விரு கருவிகளும் ஒன்றுசேர்ந்த இடம் தேவாலயம். 1602ஆம் ஆண்டில் லொடோவிக்கோ வியடானா வெனிஸ் நகரில் வெளியிட்ட நூறு தேவாலயப் பாடல்களின் தொகுதி, ஓர்கன் வாசிப்பவருக்கெனத் தொடர் அடிக்குரல் ஒன்றைத் தனியே அச்சிட்டுக் கொடுத்தது. பாடுவோர் ஒருவரோ இருவரோ ஆயினும், அவ்வடிக்குரலை அடித்தளமாகக் கொண்டு ஓர்கன் சுரக்கூட்டுகளை எழுப்பி இசையை நிறைவுசெய்ய இயன்றது. பாடற்குரலுக்கு அமைந்த இவ்வசதி விரைவிலே வயலினுக்கும் வாய்த்தது. மிலான் நகரின் ஓர்கன் கலைஞரான ஜொவன்னி பாவோலோ சீமா 1610ஆம் ஆண்டில் வெளியிட்ட தேவாலய இசைத்தொகுதியில், தனி வயலின் மேலோங்கி நிற்கும் சொனாற்றா ஒன்று இடம்பெற்றுள்ளது. இவ்வகையின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் அஃது ஒன்று. வெனிஸ் நகரின் டாரியோ கஸ்தெல்லோ 1621இலும் 1629இலும் வெளியிட்ட சொனாற்றாக்களும் ஓர்கனின் துணையை வேண்டி நிற்பவை. கொறெல்லியோ தமது முதலாம் தொகுதியிலும் (1681) மூன்றாம் தொகுதியிலும் (1689) இரு வயலின்களுக்குத் துணையாக ஓர்கனையே குறித்தார். ஐந்தாம் தொகுதியின் தலைப்பில் வேறு கருவிகள் குறிக்கப்பட்டுள்ளனவெனினும், அதன் முதல் ஆறு சொனாற்றாக்களும் தேவாலயப் பாணியில் அமைந்தவையாதலின் ஓர்கனுடன் வாசிக்கப்படுவதற்கும் நன்கு இசைவன.

இவ்விரு கருவிகளின் இயல்புகளை ஒப்புநோக்குதல் தகும். ஓர்கன் காற்றினால் ஒலிப்பது. துருத்தியிலிருந்து வரும் காற்று, கட்டையை அழுத்தியதும் குழலினுள் புகுந்து ஒலியெழுப்புகிறது. அழுத்திய விரலை எடுக்கும் வரை அவ்வொலி தேய்வதுமில்லை, வளர்வதுமில்லை. விரலின் வன்மை மென்மை அதனைப் பெரிதும் மாற்றுவதுமில்லை. மூச்செடுக்கவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. வயலினின் ஒலியோ வில்லின் ஒவ்வோர் அசைவிலும் மாறிக்கொண்டிருப்பது. பரோக் காலத்து வில் இன்றைய வில்லினும் பெரும்பாலும் குறுகியது, அதன் தண்டு உட்புறமாகவன்றிப் புறத்தே வளைந்தது அல்லது நேரானது, நுனிப்பகுதி இலேசானது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சுவா தூர்த் என்னும் பாரிஸ் கைவினைஞர் வில்லைத் திருத்தியமைக்கும்வரை, ஒரே வன்மையில் ஒலியை நெடிது நீட்டுவது வில்லின் இயல்பாய் இருக்கவில்லை. கீழிழுப்பில் ஒலி பிறந்து, விரிந்து, நுனியை நெருங்குகையில் தானே மெலிந்துவிடும். மேலிழுப்பு அதனினும் மென்மையானது. இதனாற்றான் சொற்களுக்கு அசையழுத்தம் அமைவதுபோல் அக்கால வயலின் இசைக்கும் வல்லசையும் மெல்லசையும் இயல்பாகவே அமைந்தன.

எனவே, மாறாத ஒலியும் மாறிக்கொண்டேயிருக்கும் ஒலியும் ஒரே வேளையில் ஒரே சுரத்தில் சந்திக்கின்றன. நெடிய சுரமொன்றை வயலின் மெல்லத் தொடங்கி, பெருக்கி, மீண்டும் ஒடுக்கும்போது, கீழே ஓர்கன் அசையாது நிற்கிறது. அந்த அசைவின்மை பின்னணியாக இருப்பதனாலேயே வயலினின் அசைவு செவிக்கு எட்டுகிறது. கரை அசையாதிருப்பதனாலன்றோ ஆற்றின் ஓட்டம் கண்ணுக்குப் புலனாகின்றது.

ஆயினும் இவ்விணைவு எளிதில் கைகூடுவதன்று. முதற்கண் சுருதி சேர்தல் வேண்டும். தமிழர் இசைமரபில் ஆதார சுருதி பாடுவோரின் குரலுக்கேற்ப அமைவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் முதலியோர் ஐரோப்பியரிடமிருந்து வயலினை ஏற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கியபோது, அக்கருவியின் தந்திகள் பாடகரின் சுருதிக்கு இறங்கியும் ஏறியும் இணங்கின. ஐரோப்பியத் தேவாலயத்திலோ சுருதியை நிச்சயிப்பது கட்டடத்தோடு கட்டடமாக நிற்கும் ஓர்கன். நூற்றுக்கணக்கான குழல்களை ஒருவர் பொருட்டு வெட்டவும் நீட்டவும் இயலாது. ஆகவே வயலினே இறங்கிவரவேண்டும்.

சுருதியின் உயரமும் அக்காலத்தில் ஊருக்கு ஊர் வேறுபட்டது. நடு அகர சுரத்துக்கு 440 ஹேர்ட்ஸ் என்னும் அளவு 1939ஆம் ஆண்டில் இலண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டிலேயே விதந்துரைக்கப்பட்டது. பரோக் இசைக் குழுக்கள் பல இன்று ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்ந்த 415 ஹேர்ட்ஸ் அளவை வசதிக்காக வைத்துக்கொண்டுள்ளன. ஜேர்மனியின் தேவாலய ஓர்கன்களோ ஏனைய கருவிகளினும் ஏறத்தாழ ஒரு முழுச்சுரம் உயர்வாக அமைந்திருந்தன. 1723 முதல் 1750 வரை லைப்சிக் நகரில் பணியாற்றிய யொஹான் செபஸ்தியான் பாக், தமது தேவாலயப் பாடல்களில் ஓர்கனுக்குரிய தாளை மட்டும் ஒரு சுரம் தாழ்த்தி எழுதுவித்தமைக்குக் காரணம் இதுவே. ஏட்டிலே வெவ்வேறு சுரங்களாகத் தோன்றுபவை செவியிலே ஒன்றாகின்றன. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு எத்துணைச் சூழலைச் சார்ந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

உயரம் ஒத்துவிட்டாலும் இடைவெளிகள் ஒத்துவருவதில்லை. வயலினின் நான்கு தந்திகளும் சட்ஜ பஞ்சம இடைவெளியில் அடுத்தடுத்து நிற்பவை. கலைஞர் அவற்றைச் செவியால் தூய பஞ்சமங்களாகச் சேர்ப்பார். ஆனால் தூய பஞ்சமங்கள் நான்கினை அடுக்கிச் சென்றால் கிடைக்கும் காந்தாரம், தூய காந்தாரத்தினும் சற்று மிகுந்துவிடும். அரைச்சுரமொன்றை நூறு பங்காக வகுத்தால் அம்மிகை ஏறத்தாழ இருபத்திரண்டு பங்கு. பதினேழாம் நூற்றாண்டின் ஓர்கன்கள் பலவற்றில் காந்தாரங்களின் இனிமையைக் காப்பதற்காக ஒவ்வொரு பஞ்சமமும் ஏறத்தாழ ஐந்தரைப் பங்கு குறைக்கப்பட்டது. மீன்டோன் எனப்படும் சுரப்பங்கீடு இது. இத்தகைய ஓர்கனுடன் வாசிக்கும் வயலின் கலைஞர், தமது இரண்டாம் தந்தியை மட்டும் ஓர்கனுடன் சேர்த்துவிட்டு ஏனையவற்றைத் தூய பஞ்சமங்களாக வைத்தால், நான்காம் தந்தி ஏறத்தாழ பதினொரு பங்கு தாழ்ந்தும் முதல் தந்தி ஐந்து பங்கு உயர்ந்தும் நிற்கும். தேர்ந்த செவி இதனைப் பொறுக்காது. ஆகையால் அவர் தமக்குப் பழகிய தூய்மையைக் கைவிட்டு, தந்தி ஒவ்வொன்றையும் ஓர்கனின் சுரத்தோடு தனித்தனியே சேர்த்துக்கொள்கிறார். தமக்குத் தூயதெனத் தோன்றுவதை மற்றவரின் பொருட்டு விட்டுக்கொடுத்தாலன்றிச் சேர்ந்திசைத்தல் கூடாது என்பது இங்கு உவமையன்று, பௌதிக உண்மை.

இதன்பின்னும் தொல்லை நீங்கியபாடில்லை. வெப்பம் மிகுந்தால் காற்றில் ஒலியின் வேகம் கூடுவதால் ஓர்கனின் சுருதி உயர்கிறது. பத்துப் பாகை செல்சியஸ் உயர்ந்தால், அரைச்சுரத்தில் ஏறத்தாழ முப்பது பங்கு உயர்ந்துவிடும். வயலினின் குடல்நரம்புத் தந்திகளோ வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் தம்போக்கில் நெகிழ்ந்து விலகுவன. காலையில் குளிர்ந்த தேவாலயத்தில் இணைந்திருந்த கருவிகள், மக்கள் நிறைந்து விளக்குகள் எரிந்த பின்னர் இணங்காமற் போவதுண்டு. இவற்றோடு இடைத்தொலைவும் சேர்ந்துகொள்கிறது. மாடத்திலுள்ள ஓர்கனுக்கும் தரையில் நிற்கும் வயலினுக்கும் இடையே முப்பத்துநான்கு மீற்றர் தொலைவிருப்பின், ஒருவர் எழுப்பிய ஒலி மற்றவரை அடையப் பத்தில் ஒரு செக்கன் கழியும். விரைநடைப் பகுதியில் அது பெரும் பிழையாகிவிடும். இத்தாலியக் கலைஞர்கள் மாடத்திலேயே ஓர்கனை ஒட்டி நின்று வாசித்தமைக்கும், இன்றைய கலைஞர்கள் பெட்டி போன்ற சிறிய ஓர்கனை அருகில் வைத்துக்கொள்வதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இனி, ஓர்கன் வாசிப்பவரின் பணியை நோக்கலாம். அவர்முன் இருப்பது அடிக்குரலும் இலக்கங்களும் மாத்திரமே. 6 என்பது அடிச்சுரத்திலிருந்து எண்ணி ஆறாம் சுரத்தையும் உடன் ஒலிக்கச்செய்க என்பதற்குக் குறி. ஆனால் அச்சுரத்தை மேலிடத்தில் வைப்பதா கீழிடத்தில் வைப்பதா, எத்தனை சுரங்களைக் கூட்டுவது, நீட்டுவதா விடுவதா என்பனவெல்லாம் அவரது தெரிவு. இலக்கமிட்ட இவ்வடிக்குரலை நூற்பாவோடு ஒப்பிடலாம். நூற்பா சுருங்கச் சொல்வது. உரையின்றி அது பெரும்பாலும் பொருள் விளங்காதது. அதே வேளையில் உரையாசிரியர் தம் மனம் போனவாறு பொருள் விரித்தற்கும் உரிமையில்லை. நூற்பாவின் சொல்லும் நூலின் போக்கும் அவரைக் கட்டுப்படுத்தும். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வெவ்வேறு உரை வகுத்தமையால் நூல் இரண்டாகிவிடவில்லை. அவ்வாறே ஒரே அடிக்குரலுக்கு இரு ஓர்கன் கலைஞர் வெவ்வேறு வடிவம் கொடுத்தாலும் சொனாற்றா ஒன்றே. உரையே இல்லாத வாசிப்புத்தான் குறைபாடுடையது.

நல்ல உரையைப் போன்று நல்ல துணையிசையும் தன்னை மறைத்துக்கொள்வது. வியடானா தமது 1602ஆம் ஆண்டுத் தொகுதியின் முன்னுரையிலேயே, ஓர்கன் வாசிப்பவர் எளிமையாக வாசிக்கவேண்டும் என்றும், பாடுவோரை மூடிவிடும்படி அலங்காரங்களைப் பெருக்கலாகாது என்றும் அறிவுறுத்தினார். வயலினுடன் சேரும்போது பெரிய குழல்வரிசைகளைத் திறவாது, மேல்வாய் மூடிய மரக்குழல்களின் மெல்லிய ஒலியையே பலர் விரும்பித் தெரிவது இக்காரணம் பற்றியேயாம். வயலின் ஓரிடத்தில் ஒலியைப் பெருக்கும்போது ஓர்கன் அதனைத் தொடர இயலாது. எனினும் கூட்டில் ஒரு சுரத்தைக் கூட்டுவதன் மூலம் பெருக்கத்தையும், ஒரு விரலை முன்கூட்டியே எடுத்துவிடுவதன் மூலம் ஒடுக்கத்தையும் உணர்த்தலாம். ஒலியை மெலிவிக்க இயலாத கருவியில் மெலிவை மௌனத்தினாலேயே தோற்றுவிக்கவேண்டியுள்ளது.

வயலின் கலைஞரின் பணி வேறுவகைத்து. எளிமையாக எழுதப்பட்ட மெதுநடைச் சுரங்களை அவர் அணிசெய்தல் வேண்டும். 1710ஆம் ஆண்டளவில் அம்ஸ்டர்டாம் நகரின் எஸ்தியேன் ரோஜே என்னும் பதிப்பாளர் கொறெல்லியின் ஐந்தாம் தொகுதியை மீளப் பதிப்பித்தபோது, முதல் ஆறு சொனாற்றாக்களின் மெதுநடைப் பகுதிகளுக்கு அணிகளையும் சேர்த்து அச்சிட்டு, கொறெல்லி வாசித்த முறையே இதுவென்று விளம்பரப்படுத்தினார். அப்பக்கங்களில் வெறுமையான ஒரு நெடுஞ்சுரம் இருபது முப்பது சிறுசுரங்களாகக் கொடிபோல் படர்ந்து, அடுத்த சுரத்தைச் சென்று தழுவுகிறது. அவ்வணிகள் கொறெல்லியின் கைவண்ணந்தானா என்னும் ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. ஆயினும் அவ்வையத்தைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: எழுதியதை வெறுமையாக வாசிப்பது எவருக்கும் இயல்பாகத் தோன்றவில்லை என்பதே அது. கொறெல்லியின் மாணவராகக் கருதப்படும் ஜெமினியானி அதே தொகுதியின் ஒன்பதாம் சொனாற்றாவுக்கு வகுத்த அணிகள் 1776இல் இலண்டனில் அச்சேறின. அவை அம்ஸ்டர்டாம் அணிகளினின்றும் வேறுபட்ட போக்குடையன. கீர்த்தனையொன்றின் சுரக்குறிப்பை மட்டும் பார்த்துக் கமகமின்றிப் பாடினால் இராகம் தோன்றாது என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமில்லை.

பழைய ஆசிரியர்களின் நூல்களைப் புரட்டினால் எல்லா ஐயமும் நீங்கும் என எண்ணுவோரும் உளர். அந்நூல்களும் ஒருமுகமாகப் பேசுவதில்லை. ஜெமினியானி 1751இல் இலண்டனில் வெளியிட்ட வயலின் நூல், தந்திமேல் விரலை அசைத்து ஒலியை நடுங்கச் செய்வதை இயன்றவிடத்தெல்லாம் பயன்படுத்தலாம் என்கிறது. ஐந்தாண்டு கழித்து, 1756இல், மொஸார்ட்டின் தந்தையான லெயோப்போல்ட் மொஸார்ட் வெளியிட்ட நூலோ, இடைவிடாது நடுங்கும் வாசிப்பைக் காய்ச்சல் கண்டவரின் நடுக்கத்தோடு ஒப்பிட்டு எள்ளுகின்றது. ஓர்கனுடன் வாசிக்கும்போது இம்முரண்பாட்டுக்குச் செவியே தீர்ப்பளிக்கும். அசையாத ஓர்கன் சுரத்தின்மேல் வயலின் ஓயாது நடுங்கினால் இணைவின் தூய்மை குலையும். நெடுஞ்சுரத்தின் நடுவே ஒருமுறை மட்டும் நடுங்குமாயின், அது கேட்போரின் உள்ளத்தைத் தொடும். நூல்கள் தீர்க்காதவற்றைக் கருவிகளின் இயல்பே தீர்த்துவைப்பது இவ்வாறுதான்.

ஏடும் ஒலியும் விலகிநிற்கும் தன்மையை உச்சநிலையில் காட்டுவன ஹைன்றிக் பீபர் என்னும் சால்ஸ்பேர்க் அரண்மனை இசைஞரின் செபமாலைச் சொனாற்றாக்கள். 1676ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டனவாகக் கருதப்படும் இவை, செபமாலையின் பதினைந்து தேவ இரகசியங்களுக்கு ஒன்றாகப் பதினைந்தும், இறுதியில் தனி வயலினுக்குரிய பசக்காலியா ஒன்றுமாக அமைந்தவை. கையெழுத்துப்பிரதி மியூனிக் நூலகத்தில் உள்ளது; அதன் தலைப்புப் பக்கம் கிடைக்கவில்லை. 1905ஆம் ஆண்டிலேயே இவை அச்சாயின. முதற் சொனாற்றாவும் இறுதிப் பசக்காலியாவும் தவிர்ந்த ஏனைய பதினான்கிலும் வயலினின் தந்திகள் வழமைக்கு மாறாக, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகச் சேர்க்கப்படவேண்டும். எழுதப்பட்டுள்ள சுரங்களோ விரல் வைக்கவேண்டிய இடத்தைக் குறிப்பனவேயன்றி, எழும் ஒலியைக் குறிப்பன அல்ல. ஏட்டைப் பார்த்து மனத்துள் பாடுபவருக்கு அது பொருளற்ற கூச்சலாகவே தோன்றும். உயிர்ப்பு ஞாயிறைக் குறிக்கும் பதினோராம் சொனாற்றாவில் நடுத்தந்திகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கிட்டு இடம்மாறி, கருவியின்மேலேயே சிலுவைக்குறி தோன்றுகிறது. கேட்போர் அதனைக் காணார். வாசிப்பவரின் கைகள் மாத்திரமே அறியும். இத்தகைய வேளையில் தனது இடத்திலிருந்து அசையாத ஓர்கன்தான் எல்லாத் திருப்பங்களுக்கும் நடுவே வயலின் கலைஞருக்குத் திசைகாட்டியாக நிற்கிறது.

ஓர்கன் எப்பொழுதும் துணைக்கருவியாக மட்டும் நின்றதில்லை. அந்தோனியோ விவால்டி 1703 முதல் பணியாற்றிய வெனிஸ் நகரின் பியெற்றா இல்லத்தில், கைவிடப்பட்ட குழந்தைகளாக வந்து சேர்ந்த பெண்கள் இசையில் உயர்பயிற்சி பெற்றனர். தேவாலய மாடத்தில் கம்பித்தடுப்புக்குப் பின்னே மறைந்திருந்து அவர்கள் வாசித்ததைக் கேட்பதற்கு ஐரோப்பாவெங்கணுமிருந்து பயணிகள் வந்தனர். வயலின், ஓபோ, ஓர்கன் ஆகியவற்றுக்கென விவால்டி எழுதிய சொனாற்றா ஒன்றின் ஏட்டில் புருடென்சா, பெலெக்ரினா, லுச்சியெட்டா என்று வாசித்த பெண்களின் பெயர்களும் குறிக்கப்பட்டுள்ளன. அங்கே ஓர்கனுக்குரிய பகுதியும் முழுமையாக எழுதப்பட்டுள்ளது. முகம் காட்ட அனுமதிக்கப்படாத அப்பெண்களின் பெயர்கள் இசையேட்டின் ஓரத்திலே தப்பிப்பிழைத்தன. அவர்களது அணிகளும், வில்லின் அசைவும், கூட்டிச் சேர்த்த சுரங்களும் காற்றோடு போயின.

வயலினுக்குப் பிறந்த இசையை ஓர்கன் தன்வயமாக்கிக்கொண்டதும் உண்டு. விவால்டியின் வயலின் கொன்சேர்ட்டோக்கள் சிலவற்றைப் பாக் வைமார் நகரில் இருந்தபோது ஓர்கனுக்கு மாற்றியமைத்தார். தனி வயலினுக்குத் தாமே எழுதிய மூன்றாம் பார்த்தீற்றாவின் முதற்பகுதியை, 1731ஆம் ஆண்டில் லைப்சிக் நகர மன்றத்துக்கான வழிபாட்டு இசையில் ஓர்கனுக்குக் கொடுத்தார். மூலத்தில் ஒரே சுரம் திறந்த தந்தியிலும் விரலழுத்திய தந்தியிலும் மாறி மாறி ஒலித்து ஒளிவிடும் இடங்கள் உண்டு. ஓர்கனில் அவ்வேறுபாடு இல்லை. பாக் அதற்காக வருந்தி நிற்கவில்லை. எக்காளங்களையும் தந்திக்கருவிகளையும் சூழ வைத்து வேறோர் ஒளியை உண்டாக்கினார். இளமையிலிருந்தே வயலினும் ஓர்கனும் கைவரப்பெற்ற அவருக்கு, ஏட்டிலுள்ள சுரங்கள் ஒரு கருவியோடு முடிந்துபோகும் பொருளாகத் தோன்றவில்லை.

இவ்வுரிமையைப் பிற்காலத்தார் எடுத்துக்கொண்டபோது நிகழ்ந்தவை வேறு. மொடேனா நகரத்தவரான தொமாசோ வித்தாலியின் பெயரால் வழங்கும் சக்கோன், ட்றெஸ்டன் நகரக் கையெழுத்துப்பிரதி ஒன்றில் வயலினும் அடிக்குரலுமாக எளிய வடிவில் காணப்படுகிறது. 1867இல் பெர்டினண்ட் டேவிட் அதனைப் பதிப்பித்தபோது, தம் காலத்துப் பியானோ இசையின் செழிப்பையும் வயலின் வித்தகத்தையும் அதன்மேல் போர்த்தினார். பின்னர் ஓர்கனுடன் அது வாசிக்கப்பட்டபோதும் அப்போர்வையே தொடர்ந்தது. தந்திக்கருவிகளுக்கும் ஓர்கனுக்குமாக அமைந்து, அல்பினோனியின் அடாஜியோ என உலகெங்கும் புகழ்பெற்ற படைப்போ, 1958இல் றேமோ ஜியாசோட்டோ என்னும் இத்தாலிய ஆய்வாளரால் வெளியிடப்பட்டது. அவரது சொந்த ஆக்கமாகவே இன்று அது கொள்ளப்படுகிறது. பிரிட்ஸ் கிறைஸ்லர் என்னும் வயலின் மேதையும் புஞானி முதலிய பழையோரின் பெயரில் தாம் வாசித்துவந்தவை தமது ஆக்கங்களேயென 1935இல் ஒப்புக்கொண்டார். இவை அழகற்றவை என்று கூற இயலாது. ஆயினும் இடைவெளியை நிரப்புதல் ஓரளவு கடந்ததும், உரை மூலத்தின் இடத்தைக் கைப்பற்றிவிடுகிறது என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

இதற்கு எதிர்வினையாகவே இருபதாம் நூற்றாண்டில் பழைய கருவிகளுக்கும் பழைய நூல்களுக்கும் திரும்பும் இயக்கம் வலுப்பெற்றது. ஆர்னல்ட் டொல்மெற்ச் 1915இல் வெளியிட்ட நூலும், நிக்கொலாவுஸ் ஹார்னொன்கூர்ட் 1953இல் வியன்னாவில் நிறுவிய குழுவும் அவ்வியக்கத்தின் மைல்கற்கள். குடல்நரம்பும் குறுவில்லும் மீண்டும் ஒலித்தன. ஆனால் பழைய கருவியை எடுத்த மாத்திரத்தில் பழைய இசை பிறந்துவிடாது என்பதை ரிச்சர்ட் தறுஸ்கின் போன்ற திறனாய்வாளர் வன்மையாக எடுத்துரைத்தனர். பழமையின் பெயரால் ஒலிப்பது நிகழ்காலத்தவரின் சுவையே என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயின் அது வரலாற்றறிவு வேண்டியதில்லை என்பதற்குக் காரணமாகாது. உரையாசிரியர் தம் காலத்தில் நின்றே உரை எழுதுகிறார். அதற்காக மூலத்தின் மொழியைக் கல்லாது விடுவதில்லை. எழுதப்படாத பாதி எவ்வாறு ஒலித்தது என்பதை முழுமையாக அறிய வழியில்லை என்பதனாலேயே, அறியக்கூடியவற்றை அறிந்துகொள்ளும் கடமை மிகுகிறது.

இவையனைத்தும் ஒருசேரச் சோதிக்கப்படும் இடம் மெதுநடைப் பகுதியின் இறுதிச் சுரம். ஏட்டில் இருவருக்கும் ஒரே நீளமுடைய சுரமே எழுதப்பட்டிருக்கும். வயலினின் ஒலி வில்லின் நுனியை நோக்கி மெலிந்து, எவ்விடத்தில் முடிந்ததென்று உறுதியாகச் சொல்ல இயலாதவாறு கற்சுவர்களுக்கிடையே கரைகின்றது. ஓர்கனின் ஒலியோ கரையாது. விரலை எடுக்கும் கணத்தில் அறுபடும். முன்னதாக எடுத்தால் வயலின் ஆதரவின்றி அந்தரத்தில் நிற்கும். தாமதித்து எடுத்தால் அடித்தளம் மட்டும் வெறுமையாய் எஞ்சும். ஓர்கன் கலைஞர் மேல்விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அடிச்சுரத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு, தமக்கு அப்பால் நிற்பவரின் வில்லுக்குச் செவிகொடுத்திருக்கிறார். அவ்விரலை எப்பொழுது எடுக்கவேண்டும் என்பதைக் கொறெல்லியும் எழுதவில்லை, வேறெவரும் எழுதவில்லை.